கணினி வகுப்பில் வளரறி மதிப்பீடு: நீலகிரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் கணினிப் பயிற்றுநர்களும், நடுநிலை வகுப்புகளில் கணக்கோடு சேர்த்துக் கணினியையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களும் வளரறி மதிப்பீட்டுப் பயிற்சிக்கு (பாடம் நடக்கும்போதே யாருக்கு எது புரியவில்லை என்று பார்த்துத் திருத்திக்கொள்ளும் மதிப்பீடு) வரும்போது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஊட்டியானாலும் பந்தலூரானாலும் கேள்வி மாறுவதில்லை. சிக்கல்தான் கொஞ்சம் மாறுகிறது. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. ஒத்துவராதவர்கள் பயிற்சிக்கு வந்து வாதாடலாம்.

வளரறி மதிப்பீடு என்றால் எஃப்.ஏ. (ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்) மார்க் போடுவதுதானே? அதைப் பல வருஷமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறோம்?

2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது வளரறிக்கு 40 மதிப்பெண், தொகுத்தறிக்கு (பருவ இறுதித் தேர்வுக்கு) 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. நோக்கம் நல்லதுதான். ஆனால் பல பள்ளிகளில் அது பருவக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் ஒரு கட்டமாகிப் போனது. 17, 18, 19 என்று எழுதி முடித்ததும் அந்தத் தகவலின் வேலை முடிந்தது. யாருக்கு எது புரியவில்லை என்பது ரெஜிஸ்டரில் இல்லை.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்த உதவும் மதிப்பீட்டையும், முடிந்தபின் தீர்ப்புச் சொல்லும் மதிப்பீட்டையும் 1967இல் கல்வி மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் பிரித்துக் காட்டினார். 1998இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் சுமார் 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இதை ஒழுங்காகச் செய்த வகுப்புகளில் கற்றல் நன்றாகவே கூடுகிறது, பின்தங்கிய மாணவர்களுக்குக் கூடுதல் பலன் என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: கிடைத்த தகவலை வைத்து ஆசிரியரோ மாணவரோ அடுத்து செய்வதை மாற்றிக்கொண்டால்தான் அது வளரறி. சோதனைக்கு ஒரே கேள்வி போதும். இன்றைக்குப் பிள்ளைகள் சொன்ன பதிலால் நாளைய பீரியடில் எதையாவது மாற்றினீர்களா? மாற்றவில்லை என்றால், ரெஜிஸ்டரில் எத்தனை கட்டம் நிரப்பினாலும் அது வளரறி இல்லை.

எங்கள் பாடத்தில் லேப் இருக்கிறதே. புரோகிராம் ஓடினால் புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. கணினிப் பாடத்தில் ஆசிரியரை ஏமாற்றும் முதல் விஷயமே இதுதான். பிராக்டிகலுக்கான புரோகிராம்களை ரெக்கார்டு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, கமா பிசகாமல் அடித்து ஓட்டிக் காட்டும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அதே புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றி, “இப்போது என்ன வரும்?” என்று கேளுங்கள். பாதிப் பேர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஓடுகிறது என்பதற்காகச் சரி என்றும் ஆகிவிடாது. ஒரு பட்டியலில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ‘பெரியது = 0’ என்று தொடங்கி, ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் போவார்கள். மழை அளவைக் கொடுத்தால் அழகாக வேலை செய்யும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வாரக் கணக்கைக் கொடுத்தால் மிகப் பெரிய அளவு சரியாக வரும். இப்போது அதே புரோகிராமுக்கு ஜனவரி மாத உறைபனி இரவுகளின் வெப்பநிலையைக் கொடுங்கள்: -2, -1, -3. விடை -1 வர வேண்டும். வருவது 0. அந்தப் பட்டியலிலேயே இல்லாத எண்!

“ஏன் 0 வந்தது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். “கம்ப்யூட்டருக்கு மைனஸ் தெரியாது சார்” என்று ஒரு பிள்ளை சொல்லும். “பெரியதுக்குள்ள ஏற்கெனவே 0 இருக்கு, அதைவிடப் பெரிசா எதுவும் வரலையே” என்று இன்னொரு பிள்ளை சொல்லும். ரெக்கார்டு நோட்டில் இரண்டு பேருக்கும் ஒரே டிக், ஒரே கையெழுத்து. புரிதலில் எவ்வளவு தூரம்!

நல்ல கேள்வி எப்படித் தயாரிப்பது? புக் பேக் ஒன் வேர்டு போதாதா?

‘பைத்தானை உருவாக்கியவர் யார்’ வகைக் கேள்வி நினைவைத்தான் சோதிக்கும். அதற்குத் தப்பான விடை சொன்ன பிள்ளையிடமிருந்து உங்களுக்கு எதுவும் தெரியவராது. நமக்கு வேண்டியது, ஒவ்வொரு தப்பு விடையும் ஒவ்வொரு தப்பான எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கும் கேள்வி.

பயிற்சியில் நான் வழக்கமாகக் கொடுப்பது குறிஞ்சிக் கேள்வி. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது மலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2006, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பலகையில் இப்படி எழுதுங்கள்: ரேஞ்ச்(2006, 2030, 12). இதை ஃபார் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையில்) போட்டு ஒவ்வொரு வருஷத்தையும் அச்சிட்டால் என்ன வரும்?

அ) 2006, 2018
ஆ) 2006, 2018, 2030
இ) 2018, 2030
ஈ) 2006 தொடங்கி வரிசையாக 12 வருஷங்கள்

சரியான விடை அ. ரேஞ்சில் முதல் எண் தொடக்கம், இரண்டாவது எல்லை, மூன்றாவது எத்தனை எத்தனையாகக் கூட்டிப் போவது என்பது; எல்லை எண்ணை அது சேர்க்காது. ஆ சொன்னவருக்கு லூப் புரிந்திருக்கிறது, எல்லை மட்டும் புரியவில்லை. இரண்டு நிமிஷ வேலை. இ சொன்னவர் முதலில் கூட்டிவிட்டு அப்புறம் அச்சிடுகிறார், அதாவது லூப்புக்குள் எது முதலில் நடக்கிறது என்பதில் குழப்பம். ஈ சொன்னவர் மூன்றாவது எண்ணை ‘எத்தனை தடவை’ என்று படிக்கிறார். இந்த மூன்று பேருக்கும் சேர்த்து ரேஞ்ச் பாடத்தை முதலிலிருந்து நடத்துவது வீண் வேலை. இந்தக் கேள்வியில் ஒரு கொக்கியும் உண்டு: குறிஞ்சி 2030இல் பூக்கும் என்று தெரிந்த பிள்ளை புரோகிராமைப் படிக்காமலே ஆ என்று சொல்லிவிடும். புரோகிராமைப் படிக்கிறதா, ஊகிக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். நான் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஏ = 5, பி = 7. அடுத்த வரி ஏ = பி. அதற்கடுத்தது பி = ஏ. இப்போது இரண்டிலும் என்ன இருக்கும்? “இடம் மாறிடும் சார், 7, 5” என்று நிறையப் பேர் சொல்வார்கள். இரண்டிலும் 7தான் இருக்கும். நாம் என்ன ‘நினைத்தோமோ’ அதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை இதில் தெரிகிறது. மாணவர்களின் பல புரோகிராமிங் தப்புகளுக்கு இதுவே அடிவேர் என்று கல்வி ஆய்வாளர் ராய் பீ 1986இலேயே எழுதினார்.

இப்படி எந்தத் தப்பு வரும் என்று முன்கூட்டியே ஊகிப்பது ஒரு தனித் திறமை. அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களை வைத்து பிலிப் சாட்லர் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், சரியான விடை தெரிந்ததோடு மாணவர்கள் எந்தத் தப்பு விடையைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றும் சொல்ல முடிந்த ஆசிரியர்களின் வகுப்புகள்தான் அந்தந்தக் கருத்தில் அதிகம் முன்னேறின. நம் பயிற்சியில் பாதி நேரம் இதற்கே போகிறது, அதனால்தான்.

கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வது? ஜூன், ஜூலையில் லேப்பைத் திறக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கூடலூர், பந்தலூர், தேவாலா ஆசிரியர்கள் கேட்காமல் விடாத கேள்வி. நல்ல செய்தி: வளரறிக் கேள்விகளில் சிறந்தவற்றுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். ஓட்டிப் பார்க்க வசதி இருந்தால் பிள்ளை யோசிக்காமல் ஓட்டித்தான் பார்க்கும்.

2006இல் நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் இருவரும் ஒரு புதிர் வகையைக் கொண்டுவந்தார்கள். புரோகிராமின் வரிகளைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்வது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கத்தரித்தால் போதும். ஒரு வாரம் பறித்த பச்சைத் தேயிலையின் எடையைக் கூட்டும் புரோகிராமுக்கு நான்கே சீட்டுகள்: மொத்தத்தை 0 ஆக்கும் வரி, ஃபார் வரி, அன்றைய எடையைக் கூட்டும் வரி, பிரிண்ட் வரி. பைத்தானுக்கு இது இன்னும் பொருத்தம். உள்தள்ளலையும் (லூப்புக்குள் வரும் வரியை வலப்பக்கம் தள்ளி எழுதுவதையும்) மேசை மேலேயே சீட்டை நகர்த்திக் காட்டலாம்.

மொத்தத்தை 0 ஆக்கும் சீட்டை லூப்புக்குள் வைத்த குழுவுக்குக் கடைசி நாள் எடை மட்டும் கிடைக்கும். பிரிண்டை உள்ளே வைத்த குழுவுக்கு ஏழு முறை அச்சாகும். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தால் போதும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு தாளையும் திருத்தத் தேவையில்லை.

வரிவரியாக மாறியின் (ஏ, பி போன்ற பெயரின்) மதிப்பை எழுதிக்கொண்டு போகும் அட்டவணையும் இப்படித்தான். பழைய முறை, அலுப்பான முறை. ஆனால் பிள்ளையின் மூளைக்குள் எட்டிப் பார்க்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கேள்வி கேட்டால் முன்பெஞ்சில் இருக்கும் நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

அந்த நான்கு பேரை வைத்துத்தான் வகுப்புக்கே புரிந்தது என்று முடிவு செய்கிறோம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்’ என்று கோரஸ் வரும். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்.

எல்லோரிடமிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வாங்க வேண்டும். அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும். அதுவும் இல்லையா, ஒன்று முதல் நான்கு விரல்கள். ‘ரெடி, காட்டு’ என்று சொன்னதும் எல்லோரும் சேர்ந்து நெஞ்சருகில் காட்ட வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர் பார்த்து மாற்றிக்கொள்வார்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1990களில் பிரபலமாக்கிய முறையில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சரியான விடை ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் நீங்கள் விளக்கவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசிச் சம்மதிக்க வைக்கச் சொல்லி இரண்டாம் முறை கேளுங்கள். அதற்குக் கீழே போனால் மறுபடி நடத்துங்கள். மேலே இருந்தால் சுருக்கமாக விளக்கி அடுத்ததற்குப் போங்கள். கணினிப் பாடத்துக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது.

வீட்டில் படுகு, வகுப்பில் தமிழ், புரோகிராம் ஆங்கிலம். பிள்ளைக்குப் பாடம் புரியவில்லையா, மொழி புரியவில்லையா என்றே தெரியவில்லை.

இந்தக் கேள்வி கேட்கிற ஆசிரியர்தான் வளரறி மதிப்பீட்டில் பாதி தூரம் வந்தவர். பந்தலூர் பக்கம் மலையாளம், பழங்குடி ஊர்களில் பணியர் மொழி, இருளர் மொழி. பிழைச்செய்தியோ முழுக்க ஆங்கிலம்.

இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். ‘இந்தப் புரோகிராம் என்ன வேலை செய்கிறது, உன் பாஷையில் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்’ என்று விடுங்கள். படுகில் சொன்னால் படுகு தெரிந்த இன்னொரு பிள்ளை தமிழில் சொல்லட்டும். ‘ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது’ என்று கேட்காதீர்கள். வரிவரியாக வாசித்து ஒப்பித்துவிடுவார்கள். ‘மொத்தத்தில் இது எதற்கு’ என்று கேளுங்கள். வாய்ச்சொல்லில் சரி, எழுத்தில் தப்பு என்றால் மொழிச் சிக்கல். இரண்டிலும் தப்பு என்றால் பாடம். பிழைச்செய்திகளில் அடிக்கடி வரும் ஐந்தாறை மட்டும் தமிழில் எழுதி லேப் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ரெக்கார்டு நோட்டு திருத்தவே நேரம் போதவில்லை. பின்னூட்டம் எப்படி எழுதுவது?

எல்லோருக்கும் எழுத வேண்டாம். நோட்டுகளைத் தப்பின் வகைப்படி மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டு, ஒரு அடுக்குக்கு ஒரு குறிப்பு. மறுநாள் பீரியடின் முதல் பத்து நிமிஷம் அந்தக் குறிப்பைப் பார்த்துத் திருத்த விட வேண்டும். திருத்த நேரம் கொடுக்காத பின்னூட்டத்தை யாரும் படிக்கமாட்டார்கள்.

மார்க்கையும் குறிப்பையும் சேர்த்து எழுதாதீர்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே, அந்தப் பலன் இல்லை. 7/10 என்று பார்த்ததும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? ‘கவனமாகச் செய்’ என்பதில் ஒன்றும் இல்லை. ‘4ஆவது வரி எத்தனை முறை ஓடும் என்று எண்ணிப் பார்’ என்பதில் ஒரு வேலை இருக்கிறது.

பப்ளிக் எக்ஸாம் இருக்கிறது. போர்ஷன் யார் முடிப்பது?

நியாயமான கவலை. பிளஸ் டூவில் தியரி 70, பிராக்டிகல் 20, அகமதிப்பீடு 10. ரிசல்ட் கூட்டத்தில் யாரும் ‘எத்தனை பேருக்கு லூப் புரிந்தது’ என்று கேட்பதில்லை. தினமும் ஒவ்வொரு பீரியடிலும் இதைச் செய்யச் சொல்பவர்களை நானும் நம்பமாட்டேன்.

ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி, பாடத்தின் நடுவில். அடுத்த பகுதிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்தில். ஐந்து நிமிஷம். திருப்புதல் நேரத்தில் மூன்று முறை நடத்தும் பாடத்தை இரண்டு முறையோடு நிறுத்த முடிந்தால் அந்த ஐந்து நிமிஷம் திரும்பி வந்துவிடும். சென்டம் வாங்கும் பிள்ளைக்கு இதனால் மார்க் கூடுமா என்றால், பெரிதாகக் கூடாது. தேர்ச்சிக்குத் தடுமாறும் பிள்ளைக்கும், கல்லூரியில் போய்க் கணினி எடுக்கப்போகும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஒருநாள் பயிற்சி போதாதா? மலையில் இறங்கி ஏறி வருவது பெரிய பாடு.

போதாது. ஒருநாள் பயிற்சியில் கருத்தாளர் ஸ்லைடு போடுவார், நாம் டீ குடிப்போம், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவோம், திங்கள்கிழமை பழையபடி நடத்துவோம். தகவல் போய்ச் சேர அது போதும். பழக்கம் மாறாது. இருபது வருஷமாக ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டுப் பழகிய வாய், அறிவுரையால் திருந்துவதில்லை.

டிலன் வில்லியம் ஆசிரியர்களுக்குச் சொல்லும் வழி: ஒரே ஒரு உத்தியை நீங்களே தேர்ந்தெடுங்கள், ஒரு மாதம் அதை மட்டும் செய்யுங்கள், அப்புறம் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் அங்கேயே எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் கேட்பார்கள் என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

தூரம் உண்மையான பிரச்சினைதான். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் மண்சரிவு நாளில் அது எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் முதல் சந்திப்பு மட்டும் மாவட்ட அளவில், கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நடந்தால் நல்லது. மாதக் கூட்டங்கள் குறுவள மைய அளவில் (அருகிலுள்ள சில பள்ளிகள் சேர்ந்து) போதும். மழை மாதங்களில் போனிலேயே பேசிக்கொள்ளலாம். ஒரு மாணவரின் விடைத்தாளை, பெயரை மறைத்துப் படமெடுத்து அனுப்பி, ‘இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?’ என்று கேட்டால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வாக்குவாதம் நடக்கும். அதுதான் பயிற்சி.

எங்கள் பள்ளியில் கணினிக்கு நான் ஒருத்திதான். என் வகுப்பைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கணக்கு டீச்சர் போதும். இயற்பியல் சாரும் போதும். அவருக்குப் பைத்தான் தெரிய வேண்டியதில்லை. ‘கேள்வி கேட்டபின் நான் எத்தனை விநாடி காத்திருக்கிறேன்? யார் யார் பேசவே இல்லை?’ இந்த இரண்டை மட்டும் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பாடம் தெரியாதவர் இதை நன்றாகவே கவனிப்பார். தெரிந்தவர் உங்கள் பாடத்தைத் திருத்தப் போய்விடுவார்.

ஆறு முதல் எட்டு வரை எடுக்கும் எங்களுக்கு இதில் என்ன?

கணக்குப் புத்தகத்தில் ‘தகவல் செயலாக்கம்’ என்று ஓர் இயல் இருக்கிறதே, வருஷக் கடைசியில் வேகமாகத் தள்ளிவிடுகிறோமே, அதுதான். பாய்வுப்படம், வரிசைமுறை எல்லாம் அங்கேயே வருகிறது. கம்ப்யூட்டர் தேவையில்லாத கணினிச் சிந்தனைப் புதிர்கள் வேண்டுமென்றால், 2004இல் லிதுவேனியாவில் தொடங்கிய பெப்ராஸ் போட்டியின் பழைய கேள்விகளைத் தேடிப் பாருங்கள். மூன்று நிமிஷத்தில் முடியும் புதிர்கள்; ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கணினிக் கருத்து ஒளிந்திருக்கும்.

ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். என்ன செய்ய?

வீட்டில் எழுதியதற்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். எழுதி வந்ததை வைத்து வகுப்பில் கேளுங்கள்: ‘இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ பதில் சொல்லத் தெரிந்தால் எங்கிருந்து வந்தால் என்ன. கேள்வி தயாரிக்க நீங்களும் ஏ.ஐ.யைப் பயன்படுத்தலாம், ஆனால் அது தரும் தப்பு விடைகளில் பல எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுக்காதவை. உங்கள் வகுப்பின் பழைய விடைத்தாள்களில் அதைவிட நல்ல தப்புகள் கிடைக்கும்.

ஹெச்.எம். பதிவேடு கேட்டால்?

கேள்வி, தேதி, அ-ஆ-இ-ஈ எத்தனை பேர், மறுநாள் என்ன மாற்றினேன். ஒரு பாடத்துக்கு நான்கு வரி. அதற்குமேல் எழுதச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். எழுதும் நேரம் கேள்வி யோசிக்கும் நேரத்தைத் தின்றுவிடும்.

பயிற்சிக்கு வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?

லேப்டாப் கட்டாயம் இல்லை. உங்கள் வகுப்பின் விடைத்தாள்கள் பத்து, பெயர் மறைத்து. முழு மார்க் வாங்கியவை வேண்டாம், ஒரே கேள்விக்கு விதவிதமாகத் தப்பாக எழுதியவையாகப் பார்த்து எடுங்கள். அடுத்த மாதம் நடத்தப்போகும் பாடத்தின் புத்தகம். ஒரு கத்தரிக்கோல். காலையில் அந்த விடைத்தாள்களை மார்க்கைப் பார்க்காமல், பிள்ளை என்ன நினைத்து எழுதியிருக்கும் என்பதை வைத்துக் குவியல் குவியலாகப் பிரிப்போம். மத்தியானம் அந்தக் குவியல்களிலிருந்து ஆளுக்கொரு கேள்வி எழுதிப் பக்கத்து மேசையில் சோதித்துப் பார்ப்போம். குன்னூர், கோத்தகிரி தாண்டிப் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருப்பதால் நான்கு மணிக்கு முடித்துவிடுவோம்.